கையில் ஏந்தும் கலை: தேநீர்க் கோப்பை, டீபாட் பற்றி வாசகர் கேள்விகள்

கையால் வனைந்த பீங்கான் தேநீர்க் கலங்கள் பற்றி வந்த கேள்விகளில், வாங்குபவர்களுக்கும் வனையக் கற்பவர்களுக்கும் பொதுவாகப் பயன்படக் கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கண்காட்சியில் கையால் செய்த கோப்பை ஒன்று 600 ரூபாய் சொன்னார்கள். பார்வைக்கு எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. எதைப் பார்த்து நல்லது, சுமார் என்று முடிவுசெய்வது? (வாசகி, ஓசூர்)

பார்த்து முடிவுசெய்யாதீர்கள், எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த கனமும் கைக்குத் தெரிகிற கனமும் ஒத்துப்போக வேண்டும். மெலிதாகத் தெரிந்த கோப்பை எடுத்ததும் கல்லாகக் கனத்தால், வனைந்த பிறகு அடியைச் சீவி மெலிதாக்கும்போது மண்ணை மிச்சம் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 250 மி.லி. பிடிக்கிற, கைப்பிடி வைத்த கோப்பை 250 முதல் 320 கிராம் வரை இருந்தால் சுகமாக இருக்கும். 400 கிராமைத் தாண்டினால், டீ ஊற்றியதும் மணிக்கட்டு அதைச் சொல்லிவிடும்.

அடுத்தது விளிம்பு. ஆள்காட்டி விரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுங்கள். சுமார் 3 மி.மீ. தடிமனில், உள்பக்கம் லேசாகச் சரிந்து, வழவழவென்று இருக்க வேண்டும். தடித்து உருண்ட விளிம்பில் குடித்தால் கடைசிச் சொட்டு வெளிப்பக்கமாக வழிந்து தாடைக்கு வரும். கத்தி மாதிரி மெலிந்த விளிம்பு, பாத்திரம் துலக்கும் தொட்டியில் ஒரு தட்டுத் தட்டினாலே சில்லு பெயர்ந்துவிடும்.

பிறகு கவிழ்த்து அடியைப் பாருங்கள். பாதி பேர் இதைச் செய்வதே இல்லை. ஒரு வனைபவரின் அக்கறை முழுதாகத் தெரிகிற இடம், கோப்பை நிற்கிற அந்த அடிவளையம்தான். சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு இல்லாத வெறும் மண் அங்கே மட்டும் தெரியும். அதை உள்ளங்கையில் தேய்த்தால் உறுத்தக் கூடாது. உறுத்தினால் உங்கள் மேசையையும் கீறும். சமதளத்தில் வைத்து விளிம்பை ஒரு விரலால் அழுத்துங்கள், ஆடக் கூடாது. உள்ளே அடியும் பக்கமும் சேரும் இடம் வளைவாக இருக்க வேண்டும். அங்கே கூர்மூலை இருந்தால் சர்க்கரை கரையாமல் தங்கும், கழுவும்போதும் விரல் எட்டாது. கடைசியாக, கோப்பையை உள்ளங்கையில் வைத்து நகத்தால் சுண்டுங்கள். நன்றாக வெந்த கோப்பை ‘ணங்’ என்று ஒலிக்கும். ‘டப்’ என்று மங்கலாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அல்லது சூடு போதவில்லை.

கைப்பிடியில் இரண்டு அல்லது மூன்று விரல் நுழைந்த பின்னும் விரல்மூட்டு கோப்பையின் உடலைத் தொடக் கூடாது. வெறுங்கோப்பையில் தொட்டால் பரவாயில்லை என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். கொதிக்கிற டீயை ஊற்றிய பிறகுதான் அருமை தெரியும்.

விலையைப் பற்றி: மண் பிசைவது, வனைவது, மறுநாள் சீவுவது, கைப்பிடி ஒட்டுவது, ஒரு வாரம் நிழலில் உலர்த்துவது, முதல் சூடு, பூச்சு, இரண்டாம் சூடு என்று ஒரு கோப்பை இரண்டு மூன்று வாரம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. சூளையில் போகிற சேதாரமும் தேறிய கோப்பையின் விலையில்தான் ஏறும். நன்றாக வனைந்த கோப்பைக்கு 600 ரூபாய் நியாயமான விலை.

கைப்பிடி இல்லாத ஜப்பானியக் கோப்பை எனக்குப் பிடித்திருக்கிறது. சூடாகப் பிடிக்கத்தான் முடியவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

நம் வீட்டு டம்ளரை நினைத்துப் பாருங்கள். எவர்சில்வர் எவ்வளவு சுடும்! ஆனாலும் வெளிப்பக்கம் மடிந்த அந்த விளிம்பைப் பிடித்துக் காபியை ஆற்றிவிடுகிறோம். பானம் தொடாத இடம் அது. கைப்பிடி இல்லாத கோப்பைக்கும் அதே சூத்திரம்தான். முக்கால் அளவுக்கு மட்டும் ஊற்றி, கட்டைவிரலை விளிம்பிலும் நடுவிரலை அடிவளையத்திலும் வைத்துப் பிடிக்க வேண்டும். அதனால் அடிவளையம் குறைந்தது 6–7 மி.மீ. உயரமாக இருக்கிற கோப்பையாகத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, ஜப்பானியப் பச்சைத் தேநீரை 60–80 டிகிரி நீரில் போடுவார்கள். அந்தக் கோப்பைகள் அந்தச் சூட்டுக்கு ஏற்றவை. கொதித்த பால் டீக்குக் கைப்பிடி வைத்ததே நல்லது. வாய் அகன்றதும் வேண்டாம். டீ சீக்கிரம் ஆறி ஆடை படியும்.

வாங்கிய டீபாட்டில் ஊற்றி முடித்ததும் மூக்கின் அடியில் ஒழுகி மேசைவிரிப்பு கறையாகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, நாகர்கோவில்)

மூக்கின் நுனிதான் காரணம். ஊற்றுவதை நிறுத்தும்போது கடைசி நீர், உருண்ட நுனியைப் பற்றிக்கொண்டு அடிப்பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. நுனியின் கீழ் உதடு கூர்மையாக, சற்றே கீழ்நோக்கி வளைந்திருந்தால் நீர் அந்த இடத்தில் அறுந்துவிடும். பூச்சு தடிமனாகப் படிந்தாலும் கூர்மை மழுங்கிப் போகும். வாங்கிய பாத்திரத்தில் செய்யக் கூடியது இரண்டு. ஊற்றும்போது தயங்காமல் நன்றாகச் சாய்த்து, நிறுத்தும்போது வெடுக்கென்று நிமிர்த்துங்கள். மெதுவாக நிமிர்த்தினால்தான் அதிகம் ஒழுகும். அதிலும் நிற்காவிட்டால், கீழ் உதட்டின் அடியில் துளி வெண்ணெயோ தேன்மெழுகோ தடவுங்கள். ஈரம் ஒட்டாத பரப்பில் நீர் பற்றி ஓடாது. இது தற்காலிகம்தான், கழுவினால் போய்விடும்.

அடுத்த முறை வாங்கும் முன் கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கேளுங்கள். நல்ல வனைபவர் கோபித்துக்கொள்ள மாட்டார், மகிழ்வார். மூன்று விஷயம் கவனியுங்கள். முழுக்க நிரப்பியதும் மூக்கு வழியாகத் தானே வழிகிறதா? வழிந்தால் மூக்கின் நுனி, வாய்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதைத் திருத்தவே முடியாது. கவிழ்த்து ஊற்றும்போது மூடி விழுகிறதா? ஊற்றிக்கொண்டிருக்கும்போது மூடியில் இருக்கும் காற்றுத் துளையை விரலால் அடைத்தால் நீர் நிற்கிறதா? நின்றால் மூடி கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது.

சக்கரத்தில் ஓரளவு கைவந்துவிட்டது. முதன்முறையாக டீபாட் செய்யப்போகிறேன். அளவுகள் சொல்ல முடியுமா? (பயிலும் மாணவர், புதுச்சேரி)

600 மி.லி. டீபாட்டுக்கு உடலுக்கு 900 கிராம், மூக்குக்கு 150, மூடிக்கு 150 கிராம் மண் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில், ஒரே பிசைவிலிருந்து வனையுங்கள். மூடியின் விட்டத்தையும் வாயின் விட்டத்தையும் காலிப்பரால் ஈரமாக இருக்கும்போதே அளந்துவிட வேண்டும், உலர்ந்த பிறகு அளந்து பிரயோசனம் இல்லை.

சுருக்கத்தைக் கணக்கில் வையுங்கள். உயர்ந்த சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் மண் ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை சுமார் 12 சதவீதம் சுருங்குகிறது என்றால், வேண்டிய நீளத்தை 0.88ஆல் வகுக்க வேண்டும். 8 செ.மீ. உயரம் வேண்டுமானால் 9.1 செ.மீ. வனைய வேண்டும். கொள்ளளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று பக்கமும் சுருங்குவதால் கொள்ளளவு 0.68 மடங்காகிவிடும். 600 மி.லி. வேண்டுமென்றால் ஈரத்தில் 880 மி.லி. பிடிக்க வேண்டும்.

மூக்கு ஒட்டும் இடத்தில் சல்லடைத் துளைகள் போடுவீர்கள். மூக்கின் நுனித் துவாரம் 8 மி.மீ. என்றால் அதன் பரப்பு 50 சதுர மி.மீ. சுட்ட பின் 3 மி.மீ. நிற்கிற துளை ஒன்றின் பரப்பு 7 சதுர மி.மீ. ஆக, ஏழு துளையே போதும்போலத் தோன்றும். இலை வந்து பாதியை அடைத்துக்கொள்ளும் என்பதால் 15க்குக் குறையாமல் போடுங்கள். ஈரத்தில் 4 மி.மீ. துளையாகப் போட்டால்தான் சுருக்கமும் பூச்சும் போக 3 மிஞ்சும். ஓரத்துப் பிசிறை அன்றே தடவாதீர்கள், துளை அடைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு தேய்த்தால் உதிர்ந்துவிடும். பூச்சில் முக்கி எடுத்தவுடன் மூக்கு வழியாக வாயால் ஓங்கி ஊதுங்கள். ஊத மறந்தால் சூளையிலிருந்து எடுக்கும்போது துளைகள் கண்ணாடியால் அடைபட்டிருக்கும், அந்த டீபாட் பூச்சாடிதான்.

சக்கரத்தில் வனைந்த மூக்கு சூளையில் சற்றே முறுகித் திரும்பும். வனையும்போது மண்துகள்கள் சுருளாக அடுக்கப்படுவதும், சூட்டில் அவை சுருங்குவதும்தான் காரணம். நேராக வெட்டிய நுனி, சுட்ட பின் கோணலாக நிற்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது மண்ணுக்கும் கைக்கும் தக்கபடி மாறும். முதல் டீபாட்டில் நுனியை மட்டமாக வெட்டி, சுட்ட பின் எவ்வளவு திரும்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததில் அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள்.

மூடியில் காற்றுத் துளை 3 மி.மீ. போடுங்கள். அது இல்லையென்றால் டீ ‘களுக் களுக்’ என்று விட்டு விட்டு விழும்.

என் கோப்பைகளில் கைப்பிடி ஒட்டிய இடம் மட்டும் விரிசல் விடுகிறது. (பயிலும் வாசகி, சேலம்)

உடல் காய்ந்துவிட்டது, கைப்பிடி ஈரமாக இருக்கிறது. ஒட்டிய பிறகு கைப்பிடி அதிகம் சுருங்கும், உடல் குறைவாகச் சுருங்கும், நடுவில் பிளக்கும். இரண்டும் ஒரே பதத்தில், அதாவது நகம் அழுத்தினால் தடம் விழுந்து, விரலில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது ஒட்டுங்கள். இரண்டு பரப்பையும் கீறி, அதே மண்ணின் கூழைத் தடவி, லேசாக அசைத்து அழுத்துங்கள். பிறகுதான் முக்கியமான வேலை. கைப்பிடி மெலிதாக இருப்பதால் உடலைவிட வேகமாகக் காயும். அதை மட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கோப்பை முழுவதையும் இன்னொரு தாளால் மூடி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு தாளைச் சற்றே திறந்து மூன்று நான்கு நாள். மின்விசிறிக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். காற்று அடிக்கும் பக்கம் மட்டும் காய்ந்து வாய் கோணும்.

தினம் டீ குடித்துக் கழுவிக் கவிழ்க்கிற கோப்பையைக் ‘கலைப்படைப்பு’ என்று சொல்வது கொஞ்சம் மிகையில்லையா? (வாசகர், திருநெல்வேலி)

மிகை இல்லை. கியோட்டோவில் தைதொகுஜி என்ற ஜென் மடத்து வளாகத்தில், கோஹோஆன் என்ற கிளைக் கோயிலில் ‘கிஸாஎமோன் இதோ’ என்றொரு தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. ஜப்பான் அரசு அதைத் தேசியச் செல்வமாக அறிவித்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் பெயர் தெரியாத குயவர் ஒருவர், சாதாரண மக்களின் அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்த கிண்ணம் அது. பூச்சில் வெடிப்பு, அடிவளையத்தில் பூச்சு சுருண்டு திரண்ட மணிகள், லேசான கோணல் எல்லாம் உண்டு. வேகமாக, நிறைய செய்து பழகிய கையின் ஓட்டம் அதில் அப்படியே தங்கியிருக்கிறது. ஜப்பானின் தேநீர்ச் சடங்குக்காரர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

1925இல் சிந்தனையாளர் யானகி சோஎட்சு, குயவர்கள் ஹமாதா ஷோஜி, கவாய் கஞ்ஜிரோ ஆகியோர் இந்த வகைப் பொருள்களுக்கு ‘மிங்கேய்’, அதாவது மக்கள் கைவினை என்று பெயர் வைத்தார்கள். 1936இல் தோக்கியோவில் அதற்கென்றே அருங்காட்சியகமும் திறந்தார்கள். ஹமாதாவின் நண்பரான ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1920இலேயே இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை போட்டிருந்தார். நம் பக்கத்திலும் இது புதிதல்ல. ஜப்பானில் மண்வேலை பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில், சவுக்கு விறகுச் சூளையில் சுட்ட தட்டும் கோப்பையும் டீபாட்டும்தான் ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்று பெயர் வாங்கின. அங்கே கற்றவர்கள் பலர் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோப்பையின் கனம் தெரியாது, விளிம்பு தெரியாது, அடி தெரியாது. கோப்பையின் கலை முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. அதனால் நல்ல கோப்பை வாங்கினால் ஷோகேஸில் வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறோம். விருந்தாளிக்கென்று ஒதுக்கவும் வேண்டாம்.

சீனாவிலிருந்து ஊதாநிற மண் டீபாட் ஒன்று பரிசாக வந்தது. பால் டீ போடலாமா? (வாசகி, சென்னை)

கூடாது. அது ஜியாங்சு மாநிலத்து யீஷிங் மண்ணாக இருந்தால் உள்ளேயும் வெளியேயும் பூச்சே இருக்காது. நுண்துளை உள்ள மண். பால் அந்தத் துளைகளில் இறங்கிப் புளித்து நாறும், கழுவிப் போக்க முடியாது. சோப்பும் போடக் கூடாது, அதன் வாசனையும் ஏறிவிடும். பால் கலக்காத ஊலாங், பூஏர் போன்ற தேயிலைக்குத்தான் அது. ஒரு பாத்திரத்துக்கு ஒரே வகைத் தேயிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்முறை வெந்நீரில் நன்றாக அலசி, அந்தத் தேயிலையின் டிகாஷனில் அரைமணி நேரம் மூழ்கவைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் வெறும் வெந்நீரில் கழுவி, மூடியைத் திறந்துவைத்து உலர்த்த வேண்டும். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். 100–200 மி.லி. மட்டுமே பிடிக்கும் சிறிய பாத்திரமாக இருந்தால் குறை என்று நினைக்காதீர்கள். இலையை நிறையப் போட்டு, அரை நிமிடத்துக்கும் குறைவாக ஊறவைத்து, ஐந்தாறு முறை வடித்துக் குடிப்பதற்கான அளவு அது.

கோப்பையின் உள்பக்கம் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் வந்து, அதில் டீக்கறை ஏறிவிட்டது. ஆபத்தா? (வாசகர், கோவை)

சூளையிலிருந்து இறங்கிக் குளிரும்போது மேற்பூச்சு, அடியிலுள்ள மண்ணைவிட அதிகம் சுருங்கினால் இழுபட்டு இப்படி வெடிக்கும். சீனத்தின் சோங் அரசர் காலத்துச் செலடன் என்ற பச்சைப் பூச்சுக் கலங்களில் வேண்டுமென்றே வரவழைத்த வெடிப்பு இது. உங்கள் கோப்பையில் எப்படி என்பதை, அடியிலுள்ள மண் நன்றாக வெந்திருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். கோப்பையை வெயிலில் ஒருநாள் காயவைத்து, சமையலறைத் தராசில் எடை போடுங்கள். தண்ணீரில் மூழ்கவைத்து, குளிர்ந்த நீரிலிருந்தே மெதுவாகச் சூடேற்றி இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். இரவு முழுவதும் அந்த நீரிலேயே கிடக்கட்டும். காலையில் துடைத்து மறுபடி எடை போடுங்கள். 300 கிராம் கோப்பை 304 ஆனால் நீர் ஏற்றம் சுமார் 1.3 சதவீதம். கவலை இல்லை, கறை மட்டும்தான். 318 ஆனால் 6 சதவீதம். மண் வேகவில்லை. பாலும் டீயும் கோடுகள் வழியே உள்ளே இறங்குகிறது. அதைப் பேனா ஸ்டாண்டாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி ஓராண்டு கழித்துக் கோடுகள் வந்திருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்தான். வேகாத மண் ஈரம் குடித்து உப்பி, பூச்சை இழுத்து வெடிக்கவைக்கிறது.

வனைபவர்களுக்கு: பூச்சில் சிலிக்காவை ஐந்து ஐந்து பங்காக ஏற்றிப் பாருங்கள். சோதனைக் கோப்பையை இரவு ஃப்ரீசரில் வைத்து, காலையில் கழுவுதொட்டிக்குள் நிறுத்தி, கொதிநீர் ஊற்றுங்கள். மூன்று முறை செய்தும் கோடு வரவில்லை என்றால் விற்கலாம்.

அடிப்படைப் பூச்சுக் கலவை ஒன்று சொல்லுங்கள். (மாணவர் குழு, விழுப்புரம்)

1280 டிகிரி வரை போகிற சூளை இருக்கிறதா? இருந்தால் லீச்சின் பெயரால் வழங்கும் 4-3-2-1 கலவையைத் தொடங்குங்கள். பொட்டாஷ் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புக்கல் தூள் 20, சீனக்களிமண் 10. எல்லாம் எடைக் கணக்கு. தூளைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தூள்மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். பாலேடு பதத்துக்குக் கரைத்து, 80 கண் சல்லடையில் இருமுறை வடியுங்கள். 900–1000 டிகிரியில் முதல் சூடு முடிந்த கோப்பையை எண்ணி மூன்று விநாடி முக்கி எடுங்கள். அடிவளையத்தில் உருக்கிய மெழுகை முன்னதாகவே தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இதே கலவையில் இரும்பு ஆக்சைடு 1–2 பங்கு சேர்த்து, சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் இளம்பச்சைச் செலடன் வரும். 8–10 பங்கு சேர்த்தால் கறுப்பும் தேன்பழுப்பும் கலந்த தென்மொகு என்ற பூச்சு வரும். விளிம்பில் பூச்சு மெலிகிற இடத்தில் மட்டும் பழுப்பு கோடிடும், பால் டீக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் எங்களுக்குத் தெரியவில்லை. சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அளக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். தரையைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பளபளக்கிற வண்ணக் கோப்பைகளில் ஈயம் இருக்கும் என்கிறார்களே? (வாசகி, திருச்சி)

நம் வீட்டு ரசச் சொம்பு வெள்ளீயம், அது வேறு. இங்கே பேச்சு காரீயம். குறைந்த சூட்டில், 900–1050 டிகிரியில் சுடும் மண்கலங்களுக்குப் பூச்சு உருகுவதற்காகவும் பளபளப்புக்காகவும் காரீயம் சேர்க்கும் பழக்கம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. டீயும் எலுமிச்சையும் அமிலம். அதைக் கரைத்து எடுக்கும். 1250 டிகிரிக்கு மேல் சுடும் ஸ்டோன்வேரிலும் வெள்ளைப் பீங்கானான போர்சலினிலும் பெல்ட்ஸ்பாரே உருகிவிடுவதால் காரீயத்துக்குத் தேவையே இல்லை. ஆகவே, “எந்தச் சூட்டில் சுட்டது, உள்பூச்சில் என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் அலங்காரப் பொருள் வாங்கலாம், கோப்பை வேண்டாம்.

ஒரு சோதனை: உள்ளே பாதி வினிகர் ஊற்றி 24 மணி நேரம் மூடி வையுங்கள். கொட்டிய பின் வினிகர் நின்ற இடம் நிறம் மாறியோ மங்கியோ இருந்தால் அதில் குடிக்காதீர்கள். மாறாவிட்டால் பூச்சு உறுதியானது என்று தெரிகிறதே தவிர, காரீயம் இல்லை என்று நிரூபணம் ஆகாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான். ஆய்வகத்திலும் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, அதில் எவ்வளவு உலோகம் இறங்கியது என்றுதான் அளப்பார்கள்.

மானாமதுரைக் குயவர்களிடம் வாங்கும் மண் குவளைக்குப் பூச்சுப் பூசி நிரந்தரமாகப் பயன்படுத்தலாமா? (வாசகர், சிவகங்கை)

ஸ்டோன்வேர் பூச்சு பூச முடியாது. அந்தச் செம்மண்ணில் இரும்பு அதிகம். 1280 டிகிரிக்கு ஏற்றினால் குவளை உப்பி, வளைந்து, உருகிச் சூளைத் தட்டில் படிந்துவிடும். கடம் செய்யவும் பானை செய்யவும் அருமையான மண் அது. அதன் குணமே குறைந்த சூட்டில் வெந்து, நீரைக் கசியவிட்டுக் குளிர்விப்பது. வார்னிஷ், பெயிண்ட் அடித்து விற்கும் குவளையில் சூடான எதையும் ஊற்றாதீர்கள். மண்குவளையில் டீயின் மணம் பிடித்தால் பூச்சில்லாததை வாங்கி, ஒருமுறை குடித்துவிட்டுச் செடித்தொட்டியில் உடைத்துப் போடுங்கள்.

நல்ல நீலகிரித் தேயிலை, நல்ல டீபாட், ஆனாலும் டீ சப்பென்று இருக்கிறது. (வாசகர், குன்னூர்)

டீபாட்டைச் சூடாக்காமல் ஊற்றுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டீபாட் 700 கிராம், அறைச் சூடு 30 டிகிரி. அதில் 98 டிகிரியில் 500 மி.லி. நீர் ஊற்றினால், பீங்கான் தன் பங்குச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு இரண்டும் 83 டிகிரிக்கு அருகில் வந்து நிற்கும். குன்னூர்க் குளிருக்கு இன்னும் கீழே. கறுப்புத் தேயிலைக்கு அந்தச் சூடு போதாது. முதலில் கொதிநீரால் பாதி நிரப்பி ஒரு நிமிடம் சுழற்றிக் கொட்டிவிட்டு, உடனே 10 கிராம் இலையைப் போட்டு, மறுபடி தளதளவென்று கொதிக்கும் நீரை 500 மி.லி. ஊற்றுங்கள். நான்கு நிமிடம். பால் சேர்ப்பதென்றால் ஐந்து.

தேயிலைச் சுவைஞர்கள் ஏன் எப்போதும் வெள்ளைப் பீங்கானையே பயன்படுத்துகிறார்கள்? கைவினைக் கலம் சுவையை மாற்றிவிடுமா? (வாசகி, நுவரெலியா)

பூச்சுள்ள, நன்றாக வெந்த கலம் சுவையில் எதையும் சேர்க்காது, எடுக்காது. வெள்ளை எதற்கென்றால் நிறம் பார்க்க. கறுப்புக் கோப்பையில் டீயின் செம்மையும் விளிம்பில் தெரியும் பொன்வளையமும் புலப்படாது. விளிம்பில் பல்போல வெட்டிய மூடிக்கோப்பையும் கிண்ணமும் அவர்கள் கருவி. ஐஎஸ்ஓ 3103 தரவிதிப்படி 100 மி.லி.க்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். எல்லா மாதிரிக்கும் ஒரே கலம், ஒரே அளவு இருந்தால்தான் ஒப்பிட முடியும். நாம் குடிக்கும்போது ஒப்பிடுவதற்காகக் குடிப்பதில்லையே. தடித்த கோப்பை மெதுவாக ஆறும், மெல்லிய விளிம்பில் டீ நாக்கில் மெலிதாகப் பரவும். சுவை மாறியதுபோல் தோன்றுவது இதனால்தான். நிறம் பார்த்துக் குடிக்க ஆசையென்றால் வெளியே எந்த நிறம் இருந்தாலும் உள்பூச்சு வெள்ளையாக உள்ளதை வாங்குங்கள்.

உடைந்த கோப்பையைத் தங்கக் கோடிட்டு ஒட்டும் ஜப்பானிய முறையை வீட்டில் செய்யலாமா? இணையத்தில் கிட் கிடைக்கிறது. (வாசகர், பெங்களூரு)

அந்த மலிவான கிட்களில் இருப்பது பெரும்பாலும் எபாக்ஸிப் பசையும் பொன்னிற மைக்காத் தூளும். சாதாரண எபாக்ஸி 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். சூடான டீக்கு லாயக்கில்லை. ஒட்டிய பிறகு அது சாவி போட்டுவைக்கத்தான்.

உண்மையான கின்ட்சுகி, உருஷி என்ற மரத்துப் பாலால் செய்வது. அதில் மாவு குழைத்துத் துண்டுகளை ஒட்டி, 70–85 சதவீத ஈரப்பதமும் 20–30 டிகிரி வெப்பமும் உள்ள பெட்டியில் வாரக்கணக்கில் இறுகவிட வேண்டும். ஈரத்தில்தான் அது இறுகும், வெயிலில் அல்ல. பிறகு நிரப்பி, தேய்த்து, மெல்லிய உருஷிக் கோடு வரைந்து, அதன்மேல் பொற்பொடி தூவுவார்கள். கவனம்: உருஷி மரம், நம் சேராங்கொட்டை, முந்திரி இவற்றின் குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிக் கொப்பளிக்குமோ அப்படியே இதுவும். முழங்கைவரை கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முழுக்க இறுகிய பிறகு அதில் டீ குடிக்கலாம், மைக்ரோவேவ் மட்டும் கூடாது.

டீக்கறை, மைக்ரோவேவ், கேஸ் அடுப்பு: மூன்றுக்கும் சுருக்கமாகப் பதில் வேண்டும். என் கோப்பையின் அடிவளையம் மேசையையும் கீறுகிறது. (வாசகி, மதுரை)

கறைக்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, மென்மையான பஞ்சால் தேயுங்கள். கம்பிநார் வேண்டாம். மங்கல் பூச்சில் எவர்சில்வர் கரண்டி உரசிச் சாம்பல் கோடு விழுந்தாலும் இதே குழைவுதான்; அது கீறல் அல்ல, கரண்டியின் உலோகம் ஒட்டியது.

மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தபின் டீ ஆறியிருந்து கைப்பிடி மட்டும் கொதித்தால், மண்ணுக்குள் ஈரம் இருக்கிறது. அந்தக் கோப்பையை அதில் இனி வைக்காதீர்கள். பொன்கோடு உள்ளதையும் வைக்காதீர்கள்.

கேஸ் தீயில் எந்த ஸ்டோன்வேர் டீபாட்டையும் வைக்கக் கூடாது. அடி மட்டும் சூடேறி விரிய, பக்கம் குளிர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வளையமாக வெட்டியதுபோல் அடி தனியே கழன்று விழும்.

அடிவளையம் மேசையைக் கீறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். 220, பிறகு 400 எண் உப்புத்தாளை (வாட்டர் பேப்பர்) நனைத்து, ஓடும் குழாய்நீரின் கீழ் ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசும் சிலிக்காதான்.